லயத்திலிருந்து கடைத்தெருவுக்கு: தோட்டத் தமிழரும் ஈப்போ நகரின் அங்காடிகளும்

கோலகங்சார் நகரில் முதிய ரப்பர் மரம் ஒன்று வேலியிட்டுக் காக்கப்பட்டு நிற்கிறது. இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் முயற்சியால் கிழக்கு நாடுகளுக்கு வந்த கன்றுகளுள் ஒன்பது, 1877ஆம் ஆண்டில் அந்நகரில் நடப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பது அந்த ஒரு மரமே. அவற்றை நடுவித்தவர் அப்போது பேராக் மாநிலத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈப்போ நகரின் பெருந்தெரு ஒன்று நெடுங்காலம் அவர் பெயரையே தாங்கி நின்றது. நாட்டின் விடுதலைக்குப் பிறகு அது ஜாலான் சுல்தான் இஸ்கந்தர் ஆயிற்று. எனினும் முதியோர் சிலர் பேச்சில் 'ஹியூ லோ தெரு' இன்னும் வழங்குகிறது.

மரமும் தெருவும் ஒருவர் பெயரோடு பிணைந்தது தற்செயலே. ஆயினும் பேராக் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மரத்தோடு நின்றுவிடுகின்றனர். கங்காணி முறை, கூலி, கள்ளுக்கடை, தோட்டப் பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவை பற்றி நூல்கள் உள்ளன. அந்த மரத்தடியில் பால் வெட்டிய மக்கள் கையில் காசு வந்த நாளில் எங்கே சென்றனர், எதை விரும்பித் தேர்ந்தனர், எதைத் தம் வீட்டுக்குள் கொணர்ந்து வைத்தனர் என்பதோ போதிய அளவு எழுதப்படவில்லை. துன்பம் மட்டுமே வரலாறு ஆகும் என்றும், துணியும் விளக்கும் பானையும் பெண்டிர் பேச்சு என்றும் நம்முள் ஓர் எண்ணம் நிலைத்துவிட்டது. இவ்வுரையில் அந்த எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, லயத்திலிருந்து கடைத்தெருவுக்குச் சென்ற வழியை நாம் பின்தொடர்கிறோம்.

மொழியியல் நமது துறை. ஆதலின் சொல்லிலிருந்து தொடங்குவதே முறை.

'கடை' என்னும் சொல்லுக்கு முடிவு, எல்லை, வாயில் என்ற பொருள்கள் உண்டு. வீட்டின் முன்வாயில் தலைக்கடை, பின்புறம் புழைக்கடை. வாயிலில் வைத்துப் பொருள் விற்றமையால் விற்பனை நடக்கும் இடத்துக்கும் அப்பெயர் அமைந்தது என்று கொள்ள இடமுண்டு. பழந்தமிழ் நூல்கள் பெருவாணிக இடத்தை 'அங்காடி' என்றன. மதுரைக் காஞ்சி பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் காட்டுகிறது. இன்று நம் குடியிருப்புகளில் வாரந்தோறும் மாலையில் கூடும் 'பாசார் மாலாம்' அல்லங்காடியன்றி வேறென்ன? மாணவர்க்கு அல்லங்காடியை விளக்க வேண்டிய ஆசிரியர் உரைநூலைத் தேட வேண்டியதில்லை.

'கடை' மலாய் மொழியில் 'கெடை' ஆயிற்று. 'முதல்' அங்கே 'மோடல்' ஆகி, வணிக மூலதனத்தைக் குறிக்கிறது. பெட்டி 'பெத்தி' என்றும், கட்டில் 'காத்தில்' என்றும், திரைச்சீலையைக் குறிக்கும் திரை 'திராய்' என்றும் வழங்குகின்றன. இவையெல்லாம் ரப்பர் மரம் இந்நாட்டு மண்ணைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கடல்வணிகரோடு வந்து சேர்ந்த சொற்கள். கடையும் முதலும் வணிகச் சொற்கள். பெட்டியும் கட்டிலும் திரையுமோ ஒரு வீட்டின் உள்ளறையில் இருப்பவை. வணிகச் சொற்களோடு வீட்டுப் பொருள்களின் பெயர்களும் இங்கே வந்து சேர்ந்தன என்பதை இவை காட்டுகின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர் இந்த மண்ணில் காலூன்றியபோது, அண்டை வீட்டாரின் மொழியில் கட்டில் இருந்தது, பெட்டி இருந்தது, திரை இருந்தது. அவர்களுடைய லயத்து அறையில் அவற்றுள் ஒன்றும் இல்லை. பாயில் படுத்தனர், கயிற்றுக் கொடியில் துணியைத் தொங்கவிட்டனர்.

லயம் என்பது வீடு அன்று. தோட்ட நிருவாகம் வேலையோடு சேர்த்துக் கொடுத்த கூரை அது. ஓர் அறை, முன்னே சிறு தாழ்வாரம், பக்கத்து அறையோடு பகிர்ந்துகொண்ட பலகைச் சுவர். வேலை போனால் அறையும் போகும். ஆணி அடிப்பதற்கும் கிராணியைக் கேட்க வேண்டிய தோட்டங்கள் இருந்தன என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டக் கோவை தோட்ட முதலாளிக்குச் சில கடமைகளை விதித்தது. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இந்த அவையில் உள்ள ஆசிரியர் பலரின் பள்ளிகள் அந்த விதியின் வழித்தோன்றல்களே. ஆனால் குடியிருந்த அறையைத் தன்னது என்று சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்கு எந்தச் சட்டமும் அன்று தரவில்லை.

தோட்டத்துக்குள்ளேயே கடை இருந்தது. அதை நடத்தியவர் சில தோட்டங்களில் தமிழராகவும், சிலவற்றில் தமிழ் முஸ்லிமாகவும், பலவற்றில் சீனராகவும் இருந்தார். அரிசி, உப்பு, கருவாடு, புளி, மிளகாய், எண்ணெய், தீப்பெட்டி, வெற்றிலை, சுருட்டு ஆகியவை அங்குக் கிடைத்தன. மாதம் முழுவதும் பற்றில் வாங்குவார்கள். சம்பள நாளில் பற்றுப் புத்தகத்தைத் திறந்து கணக்குத் தீர்ப்பார்கள். எழுத்தறியாதவர்க்குப் புத்தகத்தில் உள்ளதே கணக்கு. 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதாக இருந்த பகுதிகளுக்கென வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த பெருமந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அத்தகைய நாளில் பற்றுத் தந்த கடைக்காரரைக் கொடியவர் என்று மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. அவர் தந்த அரிசியால் உயிர் பிழைத்த குடும்பங்கள் உண்டு. இருந்த அரிசியுள் இதுவா அதுவா என்று கேட்கும் உரிமையைப் பற்று பறித்துக்கொண்டது என்பதும் உண்மையே. கடன்பட்டவர் அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்வது எங்ஙனம்?

இந்த இடத்தில் இரு வினைச்சொற்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அரிசி 'வாங்கினோம்' என்கிறோம். உப்பு 'வாங்கினோம்' என்கிறோம். ஆனால் சேலை 'எடுத்தோம்', நகை 'எடுத்தோம்', தீபாவளிக்குத் துணி 'எடுக்கப்' போனோம் என்கிறோம். இவ்வழக்கு மலேசியாவில் பிறந்ததன்று, தமிழகத்திலும் உள்ளது. 'வாங்கு' என்பதற்குப் பெற்றுக்கொள் என்பது பொருள். சம்பளம் வாங்கினான், கடன் வாங்கினான், அடி வாங்கினான் என்பவற்றிலும் அதே வினை நிற்கிறது. கொடுப்பவர் கை மேலே, பெறுபவர் கை கீழே. 'எடு' என்பதோ பலவற்றுள் ஒன்றைக் கையால் தூக்குவது. அங்கே தேர்வு இருக்கிறது. எடுப்பதற்கு முன் விரித்துப் பார்க்க வேண்டும், தடவிப் பார்க்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தோட்டத்துக் கடையில் மக்கள் வாங்கினார்கள். ஈப்போவுக்கு எடுக்கப் போனார்கள். கடைத்தெருவின் ஈர்ப்பு இந்த இரண்டாம் வினைக்குள் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

ஈப்போ என்னும் ஊர்ப்பெயரும் மரப்பெயரே. நச்சுப்பால் கொண்ட ஈப்போ மரத்தின் பாலை அம்பு முனையில் தடவி வேட்டையாடினர் இம்மண்ணின் பூர்வகுடிகள். கிந்தா ஆற்றங்கரையில் இருந்த சிற்றூரை ஈயம் நகராக்கியது. 1892ஆம் ஆண்டுத் தீயில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. அதன் பிறகு நேர்கோட்டுத் தெருக்களாக அது மீண்டும் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாவ் தெட் ஷின் என்னும் சீனப் பெருவணிகர் ஆற்றின் மறுகரையில் புதிய நகரத்தைக் கட்டியெழுப்பினார். 1917இல் இன்றைய இரயில் நிலையக் கட்டடம் நிறைவுற்றது. 1937இல் பேராக்கின் தலைநகர் என்னும் தகுதி தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறிற்று. பழைய நகரில் ஜாலான் லாஹாட், முன்னர் பெல்பீல்டு தெரு எனப்பட்ட ஜாலான் சுல்தான் யூசோப் ஆகியவற்றைச் சுற்றி இந்தியர் கடைகள் செறிந்தன. இன்று 'லிட்டில் இந்தியா' என வழங்குவது அப்பகுதியே.

கடைவீட்டின் அமைப்பை ஆசிரியர்கள் மாணவர்க்கு நேரில் காட்ட வேண்டும். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னே ஐந்தடி அகல நடைபாதை. 1822இல் சிங்கப்பூருக்கென இராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இத்தகைய கூரையிட்ட நடைபாதைக்கு விதி செய்யப்பட்டது. பின்னர் அது மலாயா நகரங்களுக்கும் பரவியது. மலாயில் அதற்குக் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி, என்று பெயர். நம்மவர் 'அஞ்சடி' என்றனர். வெயிலும் மழையும் மாறிமாறி வரும் நாட்டில் அஞ்சடி ஒரு கொடை. அதன் மற்றொரு பயனை எந்த விதியும் எதிர்பார்த்திருக்காது. கடைக்குள் நுழையத் தயங்குகிறவர் அஞ்சடியில் நின்று உள்ளே பார்க்கலாம். தெருவிலும் இல்லை, கடையிலும் இல்லை, வாயிலில் நிற்கிறார். 'கடை' என்ற சொல்லின் பழம்பொருள் அங்கே மீண்டு வந்துவிடுகிறது.

செட்டியார்களின் கிட்டங்கிகளும் இப்பகுதியில் இருந்தன. கிட்டங்கி என்பது ஒரே கூரையின் கீழ்ப் பல நகரத்தார் நிறுவனங்கள் தத்தம் பெட்டியடியை வைத்துத் தொழில் நடத்திய நீண்ட கூடம். 'கிடங்கு' என்னும் சொல்லோடும் மலாயின் 'குடாங்' என்னும் சொல்லோடும் அதற்கு உறவு உண்டு. நிறுவனத்தின் தலையெழுத்துகளை அவர்கள் 'விலாசம்' என்றனர். அங்கே தோட்டத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. கடன் பெற்றவர்கள் நிலமும் ஈயச் சுரங்கமும் சிறு ரப்பர்த் தோட்டமும் உடையோர். பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு மாறின. 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை 1933இல் கடுமையாக்கியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். இது தனியே ஓர் உரைக்குரிய பொருள், இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

நாம் வளர்ந்தது பேராக்கின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில். 1960களில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்தில் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பால் வெட்டுக்கு எழும் அதே நேரந்தான். ஆனால் அன்று தலையில் கட்டும் துணி இல்லை, கித்தாப்பால் நாற்றம் ஏறிய சட்டை இல்லை. அம்மா பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து உடுத்துவார். செம்மண் சாலையில் பெருஞ்சாலை வரை நடந்து, காலில் ஒட்டிய மண்ணைப் புல்லில் துடைத்து, பிறகு செருப்பை அணிந்துகொண்டு பேருந்துக்குக் காத்திருப்போம். செருப்பைக் கையில் கொண்டுவந்து சாலையோரத்தில் அணிவது ஏன் என்று அன்று நமக்கு விளங்கவில்லை. கடைத்தெருவுக்குள் ஒருவர் எப்படி நுழைய வேண்டும் என்பது குறித்து அம்மாவுக்குத் தெளிவான கருத்து இருந்தது.

ஜவுளிக்கடையில் தரைமீது வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். "வாங்கம்மா, உட்காருங்க" என்பார் கடைக்காரர். தோட்டத்தில் கங்காணியோ தண்டலோ கிராணியோ நம் அம்மாவை 'வாங்க' என்று அழைத்து நாம் கேட்டதில்லை. ஊர்ப்பெயர் சொல்லியோ வெறும் பெயர் சொல்லியோ 'வா, போ' என்றே அழைத்தனர். பன்மை விகுதி ஒன்று ஒரு மனிதருக்குச் செய்வது என்ன என்று பிற்காலத்தில் மாணவர்களுக்கு மரியாதை வழக்குப் பற்றிப் பாடம் நடத்திய போதெல்லாம் அந்த வெள்ளைத் துணிதான் நினைவுக்கு வந்தது. வணிகர் மரியாதை பணத்துக்காக என்று சொல்வோர் உண்டு. ஆம், பணத்துக்காகத்தான். அதே பணத்தைத் தோட்டத்துக் கடையிலும் கொடுத்தோம். அங்கே அந்த விகுதி கிடைக்கவில்லை.

பத்துச் சேலை விரிக்கப்படும். அம்மா ஒன்றை எடுப்பார். அதற்குள் ஒரு மணி நேரம் ஆகும். விலை பேசுவதில் அரை மணி. 'வெள்ளி' கணக்கில் பேரம் நடக்கும். இந்நாட்டு நாணயத்தைத் தமிழர் அதன் உலோகத்தால் 'வெள்ளி' என்றனர். மலாயர், நாணயத்தின் விளிம்பில் இருந்த பல்லைக் கண்டு 'ரிங்கிட்' என்றனர். 1975இல் ரிங்கிட் என்பதே அதிகாரப்பூர்வப் பெயர் ஆயிற்று. நாமோ இன்றும் தாளைக் காட்டி வெள்ளி என்கிறோம்.

துணிக்குப் பிறகு பாத்திரக் கடை. அதன் பின் படக்கடை. அங்கே முருகனும் இலட்சுமியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாக நிற்பார்கள். பிறகு மளிகை, மசாலா அரைக்கும் மில், கடைசியாக வெற்றிலைக் கடை. புந்தோங் பகுதியின் கச்சான் பூத்தே இல்லாமல் எந்தப் பிள்ளையும் வீடு திரும்பியதில்லை. அன்று எடை, கட்டிக் கணக்கில் இருந்தது. ஒரு கட்டி என்பது 600 கிராமுக்குச் சற்று மேல். நூறு கட்டி ஒரு பிக்குல்.

எதை எடுத்தார்கள் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். தகரப் பெட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம், மங்குத் தட்டு, மங்குக் கோப்பை, தூக்குச்சட்டி, சட்டமிட்ட சாமிப்படம், சுவர்க்கடிகாரம், வசதி வந்த வீட்டில் தவணைக்கு எடுத்த சிங்கர் தையல் இயந்திரம். இப்பட்டியலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஏறத்தாழ எல்லாமே தூக்கிச் செல்லக்கூடியவை. சுவரோடு பதித்த அலமாரி இல்லை, கனத்த மரச்சாமான் இல்லை. பிறர் சுவருக்குள் வாழ்பவர், சுவரைச் சேராத பொருள்களையே தேர்ந்திருக்கின்றனர். இதை அவர்கள் எண்ணித்தான் செய்தனர் என்று நாம் அடித்துக் கூறவில்லை. ஆனால் மீண்டும் மீண்டும், வீட்டுக்கு வீடு, அதே வகைப் பொருள்கள் இருந்தன. அந்தத் தகரப் பெட்டிக்குப் பூட்டும் இருந்தது. லயத்துக் கதவைத் தோட்ட நிருவாகம் திறக்கலாம். பெட்டியின் சாவி அம்மாவின் முந்தானையில் இருந்தது.

இந்த ஓட்டத்தில் இடையே ஒரு முறிவு நேர்ந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டில் இருந்த போராளிகளுக்கு உணவு போகாமல் தடுப்பது அரசின் உத்தி. ஆகவே கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அரிசிக்கு அளவு வைத்தனர். பால் வெட்டச் செல்வோரை வேலி வாயிலில் சோதித்தனர். ஒரு பிடி அரிசியும் வெளியே போகக் கூடாது. கடையில் டின் உணவு விற்கும்போதே டப்பாவில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தனர். துளையிட்டால் அது நாள்பட நில்லாது, உடனே உண்டாக வேண்டும். வாங்கிய பொருளை வைத்திருக்கும் உரிமைகூட இல்லாத ஒரு காலம் பேராக் கடைகளுக்கு வந்திருந்தது. சேமித்து வைத்தலே ஐயத்துக்குரிய செயலாகக் கருதப்பட்டது. நம் முந்தைய தலைமுறையினர் சமையலறையில் டின்களை அடுக்கி வைத்து அழகு பார்த்ததைக் கேலி செய்தவர்களுள் நாமும் ஒருவர். பின்னர் இதை அறிந்தபோது நாணினோம்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. தொழிலாளர் நடுத்தெருவுக்கு வரும் நிலை ஏற்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பங்குப் பணத்தாலேயே தோட்டங்களை வாங்கச் செய்தார். அது பெரும்பணி. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் அது காக்க இயலவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. நாம் வளர்ந்த லயம் இன்று இல்லை. அது இருந்த இடத்தை மாரியம்மன் கோயிலை வைத்துத்தான் அடையாளம் காண முடிகிறது. லயம் காலியான நாளில் லோரியில் ஏறியவை எவை? கூரை ஏறவில்லை, சுவர் ஏறவில்லை, வாழைத் தோட்டமும் ஆட்டுக் கொட்டகையும் ஏறவில்லை. கடைத்தெருவில் எடுத்தவையெல்லாம் ஏறின. தோட்டத்தில் இரு தலைமுறை உழைத்த ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதும் அந்த லோரியின் பாதியில் அடங்கிற்று.

1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. ஈயத்தால் வளர்ந்த ஈப்போவின் இளைஞர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தனர். கடைத்தெருவை மற்றோர் அடி தாக்கியது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் தடுத்து வைத்திருந்தது. பழைய நகரின் கடைவீடுகள் பல அதற்குள் அடங்கின. 1997இல் அதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றிலும் விலகியது. கட்டட உரிமையாளர்க்கு நெடுநாள் அநீதி தீர்ந்தது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், குறைந்த வாடகையை நம்பிக் குறைந்த இலாபத்தில் பாயும் முறமும் அரிவாள்மனையும் விற்ற சிறு கடைகளுக்கு நிற்க இடமில்லாது போயிற்று. பழைய நகரின் கடைவீடுகள் பல இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான காப்பிக் கடைகளாகவும் சிறு விடுதிகளாகவும் அழகுற நிற்கின்றன. கட்டடம் பிழைத்துக்கொண்டது, அதற்காக மகிழ்கிறோம்.

பேரங்காடிகளைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. நம் வீட்டு அரிசியும் எண்ணெயும் அங்கிருந்தே வருகின்றன. அங்கே எவரும் பற்று எழுதுவதில்லை, எடையில் ஏமாற்றுவதில்லை. நாமே தட்டிலிருந்து எடுக்கலாம். அவ்வகையில் 'எடுத்தல்' முழுமை பெற்ற இடம் அதுதான் என்று எவரேனும் வாதிட்டால் மறுப்பது எளிதன்று. ஆனால் அங்கே எடுப்பதற்குப் பேச வேண்டியதில்லை. பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை; அட்டையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அது எழுதியிருக்கிறது. கேட்காத சொல் ஒரு தலைமுறையில் நாவை விட்டு இறங்கிவிடும். பணியில் இருந்த காலத்தில் மாணவர்களிடம் வீட்டுப் பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்பது நமது வழக்கம். தாம்பாளம், உழக்கு, முறம், அஞ்சறைப் பெட்டி ஆகியவற்றின் பெயரை உடனே சொன்னவர்கள், தமிழில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களாகவே எப்போதும் இருக்கவில்லை. பாட்டியோடு கடைத்தெருவுக்குப் போன பிள்ளைகள் சொன்னார்கள். நாம் இதை முறையான ஆய்வாகச் செய்யவில்லை. ஆசிரியர் எவரும் தம் வகுப்பில் செய்து பார்க்கலாம்.

சென்ற தீபாவளிக்கு முன் ஜாலான் லாஹாட் பகுதிக்குச் சென்றிருந்தோம். அஞ்சடியில் தோரணங்களும் சாமந்தி மாலைகளும் தொங்கின. மில்லிலிருந்து வறுத்த மல்லியின் மணம் வந்தது. பாத்திரக் கடையில் விற்பனைக்கு நின்ற இளைஞர் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தவர். விலையை 'ரிங்கிட்' என்று சொல்லத் தொடங்கி, எதிரே நின்ற முதிய அம்மையாரைக் கண்டதும் 'வெள்ளி' என்று திருத்திக்கொண்டார். அம்மையார் ஒரு பித்தளைச் சொம்பைத் தூக்கி, விரல் கணுவால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். உடன் வந்த பேத்தி, "எல்லாம் ஒண்ணுதானே பாட்டி?" என்றாள். அவர் மறுமொழி சொல்லவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு இளைஞரிடம், "இது வேண்டாம் தம்பி, பின்னாடி இருக்கறத எடுங்க" என்றார்.